நவம்பர் மாத வெயிலை மறந்துவிட்டு வைக்கப்படும் சோலார் பெயர்ப்பலகைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையில் கோயில் வாசல், பூங்கா, குடியிருப்போர் நலச் சங்க அலுவலகம், சிறு கடைகள் எனப் பல இடங்களில் சிறிய சோலார் அமைப்பைக் கொண்டு இரவில் ஒளிரும் பெயர்ப்பலகைகள் இப்போது வைக்கப்படுகின்றன. வைத்த ஓராண்டுக்குள் அவற்றில் சில அணைந்துபோய், மேலே பேனல் இருந்தும் கீழே எழுத்து தெரியாமல் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் "சோலார் என்றாலே இப்படித்தான்" என்று அக்கம்பக்கத்தார் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். பழுது சோலாரில் இல்லை, வாங்கும்போது நாம் போடத் தவறும் கணக்கில்தான் இருக்கிறது என்பதைச் சொந்த அனுபவத்தில் அறிந்தவன் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பெரம்பூரில் ஒரு சந்தின் கடைசியில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு படிப்பகம் நடத்தி வருகிறோம். அரசுத் தேர்வுகளுக்குத் தயாராகும் பிள்ளைகள் வேலை முடித்து வந்து படிக்கிறார்கள் என்பதால் அது இரவு வெகுநேரம் திறந்திருக்கும். சந்து முனையில் பலகை இல்லாவிட்டால் புதிதாக வருபவர்களுக்கு இடம் தெரியாது. ஆனால் படிப்பகத்திலிருந்து முனை வரை மின்கம்பி கொண்டுவர வேண்டுமானால் சாலையைத் தோண்ட அனுமதி பெற வேண்டும். அதனால்தான் 2022 தை மாதத்தில் சோலார் பலகை வைத்தோம். மின்கட்டணத்தை மிச்சம் பிடிப்பதற்காக யாரும் இதை வாங்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 12 வாட் எல்இடி விளக்கு தினமும் 6 மணி நேரம் எரிந்தால் ஆண்டு முழுவதற்கும் 26 யூனிட்தான் ஆகும். பக்கத்துச் சுவரிலேயே மின் இணைப்பு இருந்தால் அதையே பயன்படுத்துவது நல்லது. கம்பி எட்டாத இடத்துக்கும், மின்சாரம் போனாலும் ஒளி நிற்கக் கூடாத இடத்துக்கும்தான் சோலார் பலகை.

கோடை முழுவதும் பலகை நன்றாக எரிந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் இரவு ஒன்பதரைக்கும், பிறகு எட்டு மணிக்கும் அணையத் தொடங்கி, கார்த்திகையில் எரிவதே நின்றுபோனது. வியாசர்பாடியிலிருந்து வரும் ஒரு மாணவி, "சார், போர்டுல லைட் இல்ல, மூடிட்டீங்கன்னு நெனச்சு ரெண்டு நாள் திரும்பிப் போயிட்டேன்" என்று சொன்னபோதுதான் எங்களுக்கு உறைத்தது. தேர்வுக்கு மூன்று வாரமே இருந்த அந்தப் பெண்ணின் இரண்டு மாலைகள் எங்கள் பலகையால் வீணாகிவிட்டன. பலகை வைத்துக் கொடுத்த நிறுவனத்தை அழைத்தோம், மழைக்காலத்தில் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். தெருவில் உள்ள எலெக்ட்ரீஷியன் தம்பி ஏணி போட்டு ஏறிப் பெட்டியைத் திறந்தார். பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருந்தன, முனைகளில் வெளிர்பச்சைப் பொடி பூத்திருந்தது, பெட்டியின் மூலையில் ஈசல் சிறகுகள் குவிந்து கிடந்தன. பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த 12 வோல்ட் பேட்டரியில் மீட்டர் வைத்தபோது 10.4 வோல்ட்தான் காட்டியது.

அதன்பிறகு அவரும் நானும் உட்கார்ந்து போட்ட கணக்கு இதுதான். விளக்கு 12 வாட். மாலை ஆறு முதல் நள்ளிரவு வரை 6 மணி நேரம் எரிந்தால் ஓர் இரவுக்கு 12 x 6 = 72 வாட்-மணி மின்சாரம் வேண்டும். எங்களுக்குக் கொடுத்திருந்தது 12 வோல்ட், 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) லெட்-ஆசிட் பேட்டரி. இரண்டையும் பெருக்கினால் அதன் மொத்தக் கொள்ளளவு 84 வாட்-மணி என்பதால், காகிதத்தில் பார்த்தால் போதும் போலத் தோன்றும். ஆனால் இவ்வகைப் பேட்டரியில் தினமும் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். நாங்களோ இரவுதோறும் ஏறக்குறைய அடிவரை சுரண்டினோம். அதுவும் மேற்கு வெயில் நேராக விழும் தகரப் பெட்டிக்குள், பேட்டரிக்கு ஆகவே ஆகாத வெப்பத்தில் வைத்து. பேனல் 20 வாட். நாளுக்கு 5 மணி நேர முழு வெயில் கிடைத்து, அந்த 100 வாட்-மணியில் சூட்டிலும் தூசியிலும் கம்பியிலும் போகும் இழப்பைக் கழித்தால் 70 வாட்-மணி வரும். ஆக, கோடையிலேயே வரவும் செலவும் சமமாகத்தான் இருந்திருக்கிறது. மழை மாதத்தில் அந்த வெயில் 3 மணி நேரமாகக் குறைந்தால் வரவு 42 வாட்-மணி, அதாவது மூன்றரை மணி நேர விளக்கு. மாலை ஆறோடு மூன்றரையைக் கூட்டினால் ஒன்பதரை! பலகை அணைந்ததற்கான காரணம் முதல் நாளிலேயே அந்தப் பெட்டிக்குள் இருந்திருக்கிறது.

சென்னைக்கு இந்தக் கணக்கு மிக முக்கியம். நமக்கு ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில்தான் கிடைக்கிறது. அதே மாதங்களில்தான் பொழுதும் சீக்கிரம் சாய்கிறது. ஜூலை தொடக்கத்தில் 6.40 மணியளவில் மறையும் சூரியன் நவம்பர் கடைசியில் 5.40 மணியளவிலேயே மறைந்துவிடுகிறது. வெயில் மிகக் குறைவாகக் கிடைக்கும் மாதத்தில்தான் விளக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக எரிய வேண்டியிருக்கிறது. மே மாத வெயிலை வைத்து "இத்தனை மணி நேரம் எரியும்" என்று விற்பவர் சொல்வது பொய்யில்லை, ஆனால் அது நமக்கு வேண்டிய விடையுமில்லை. தொடர்ந்து மூன்று நாள் சூரியனே தெரியாவிட்டால் எத்தனை இரவு எரியும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

2023 கோடையில் பலகையைத் திருத்தினோம். 50 வாட் பேனலும், 12.8 வோல்ட், 24 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியும் போட்டோம். அதில் எண்பது விழுக்காடு வரை தயங்காமல் எடுக்கலாம் என்பதால் மூன்று இரவுக்குத் தாங்கும். முன்பு பலகையின் தலையில் தட்டையாகப் படுத்திருந்த பேனலைத் தெற்கு நோக்கி 20 டிகிரி சாய்த்தோம். சென்னையின் அட்சரேகை 13 டிகிரி என்றாலும், சற்றுக் கூடுதல் சாய்வு தெற்கே தாழ்ந்து போகும் நவம்பர், டிசம்பர் சூரியனுக்குப் பொருந்தும், மழையில் தூசியும் வழிந்து போகும். பக்கத்து மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழல் பிற்பகலில் பேனலின் ஒரு மூலையில் விழுந்துகொண்டிருந்தது. பேனலுக்குள் செல்கள் ஒன்றோடொன்று தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு மூலையில் விழும் நிழல் மொத்த வரவையே பெரிதும் குறைத்துவிடும். எனவே கம்பத்தை ஆறடி தள்ளி நட்டோம். வர்தா புயலில் பெயர்ந்து விழுந்த பலகைகளைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள் என்பதால் போல்ட்டுகளையும் தடிமனாகவே போட்டோம்.

அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை பெய்து, எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று, மின்சாரமும் இல்லாத இரவுகளில் அந்தப் பலகை ஒன்றுதான் எரிந்தது. பால் தேடிப் போய்த் திரும்பியவர்கள் அந்த ஒளியை வைத்துத்தான் சந்து முனை எது, வடிகால் பள்ளம் எது என்று அடையாளம் கண்டு கால் வைத்தார்கள். ஒரு பெயர்ப்பலகை இவ்வளவு செய்யும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

எனவே மாநகராட்சிக்கும், வார்டு நிதியிலோ சங்க நிதியிலோ இத்தகைய பலகைகளை வைப்பவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. பேனல் எத்தனை வாட் என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள். விளக்கு எத்தனை வாட், இரவில் எத்தனை மணி நேரம், வெயிலில்லாமல் எத்தனை இரவு, பேட்டரியில் உண்மையில் எடுக்கக்கூடிய அளவு என்ன என்பதை விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். வைத்த தேதியையும் பழுது சொல்ல வேண்டிய தொலைபேசி எண்ணையும் கம்பத்திலேயே எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை ஏணி வைத்து ஏறித் துடைக்க ஓர் ஆளைப் பெயர் சொல்லி நியமியுங்கள், காக்கை எச்சம் காய்ந்த பேனல் எவ்வளவு பெரியதாக இருந்தும் பயனில்லை. ஆயுள் முடிந்த பேட்டரியைக் காயலான் கடையில் எடைக்குப் போட வேண்டாம். அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்கள் மீது சுமத்தியிருக்கின்றன. விற்ற கடையிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று கேளுங்கள்.

நாங்கள் போட்ட கணக்கைப் பெரிய எழுத்தில் எழுதிப் படிப்பகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். மாலை ஐந்து மணிக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் வந்து படியெடுத்துச் செல்லலாம்.

இப்படிக்கு,
படிப்பகப் பொறுப்பாளர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை - 11