பாப்பாவுக்கு லெட்டர் வந்துடுச்சுடா

டேய்,

அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு நீ எழுதினதப் படிச்சப்புறம்தான் எனக்கு நிம்மதியாச்சு. சொட்டு மருந்த நேரம் தவறாம விடு, கொஞ்ச நாளைக்கு குனிஞ்சு எதையும் தூக்க விடாத. நான் கேட்டதா சொல்லு.

இப்ப என் சேதி. பாப்பாவுக்கு அமெரிக்கால இருக்கிற யேல் யூனிவர்சிட்டில இருந்து லெட்டர் வந்திருக்குடா. உன்கிட்டதான் முதல்ல சொல்றேன், வீட்டுக்கு வெளிய இன்னும் யாருக்கும் தெரியாது.

அட்மிஷன் லெட்டர் இல்ல, அதுக்கு முன்னாடி வர்றது, லைக்லி லெட்டர்னு சொல்றாங்க. அப்படி ஒண்ணு இருக்கிறதே எனக்குப் போன வாரம்தான் தெரியும். விடியக்காத்தால தண்ணி குடிக்க எந்திரிச்சவ மெயிலப் பாத்துட்டு என் ரூம் வாசல்ல வந்து நிக்கிறா, பேச்சு வரல, போன மட்டும் நீட்டுறா. கண்ணாடியத் தேடிப் போட்டுப் படிச்சா முதல் தடவ ஒண்ணுமே புரியல, முறையான முடிவு மார்ச் கடைசிலதான் வரும்னு போட்டிருக்கு, ஆனா உன்ன எடுக்கப் போறோம்ங்கிற மாதிரியும் இருக்கு. எனக்கு சந்தோஷத்துக்கு முன்னாடி சந்தேகம்தான் வந்துச்சு. அமெரிக்க காலேஜுக்கான எஸ்ஏடி பரிட்சை எழுதினதுல இருந்து இவளுக்கு ஏதோ ஒரு காலேஜ்ல இருந்து மெயில் வந்துகிட்டேதான் இருக்கும், உன்ன மாதிரி ஆளத்தான் தேடுறோம் சீக்கிரம் அப்ளை பண்ணுன்னு, அதெல்லாம் வெறும் விளம்பரம், இதுவும் அந்த ரகமோன்னு நெனச்சேன். அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து வரி வரியா படிச்சோம். இவ அப்ளிகேஷன் கட்டுரைல எழுதின அந்த பழைய ரேடியோ ரிப்பேர் கதையப் பத்தி அங்க இருக்கிற அட்மிஷன் ஆபீசர் ரெண்டு வரி எழுதியிருக்காருடா. நீ போன்ல பொறுமையா கேட்டுட்டு கடைசி பாராவ வெட்டு, ரேடியோ பாடினதோட நிறுத்துன்னு சொன்னியே, அதே கட்டுரைதான். அந்த ரெண்டு வரியப் படிச்சதுக்கப்புறம்தான் அவ அழுதா.

விசாரிச்சதுல தெரிஞ்சதச் சொல்றேன். ஐவி லீக்னு யேல், ஹார்வர்ட் மாதிரி பழைய பெரிய யூனிவர்சிட்டிங்க சேந்த கூட்டம், அதுல இருக்கிற 8 யூனிவர்சிட்டியும் சேந்து வச்சிருக்கிற வழக்கம் இது, அக்டோபர் 1ல இருந்து மார்ச் 15 வரைக்கும் இந்த மாதிரி முன்கூட்டியே சொல்லலாம். ஸ்போர்ட்ஸ் பசங்களுக்குத்தான் நிறையப் போகும், படிப்புல ரொம்பப் பிடிச்சுப்போன சில பேருக்கும் அனுப்புவாங்க. சொன்னா சொன்னதுதான், அட்மிஷன் லெட்டருக்கு இருக்கிற அதே மதிப்பு இதுக்கும் உண்டு, ஆனா இவ படிப்பும் நடத்தையும் இப்ப இருக்கிற மாதிரியே கடைசி வரைக்கும் இருக்கணும். இவ அவங்களுக்குக் கட்டுப்படணும்னு இல்ல, மே 1 வரைக்கும் யோசிச்சு சொல்லலாம். 2024ல யேலுக்கு மட்டும் 57 ஆயிரத்துக்கு மேல அப்ளிகேஷன் போய் 100க்கு 4 பேருக்குக்கூட இடம் கெடைக்கலயாம். அத நெனச்சா எனக்கு இன்னும் கை நடுங்குது.

ஆனா உனக்கு நான் முதல்ல எழுதுறதுக்குக் காரணம் வேற. அந்த வருஷம் ரூம்ல உன் கட்டில்ல உக்காந்து நாம ரெண்டு பேரும் ஒரு கவரப் பிரிச்சோமே, ஞாபகம் இருக்கா. கவர் தடியா இருந்தா கெடைச்சிருச்சுன்னு அர்த்தம்னு நாமளே சொல்லிக்குவோம், உனக்கு வந்தது நல்ல தடி கவர். உள்ள சீட் இருந்துச்சு, உதவிப் பணம் இல்ல. நீ ஒண்ணும் சொல்லாம அத மடிச்சு டிக்ஷனரிக்குள்ள வச்சுட்டு அடுத்த நாள் பரிட்சைக்குப் படிக்க ஆரம்பிச்ச, நான் லைட்ட அணைக்கவே இல்ல. இத்தனை வருஷத்துல நாம அதப் பத்திப் பேசினதே கிடையாது. இப்ப இவ மெயிலப் படிச்சப்ப எனக்கு அந்த டிக்ஷனரிதான் கண்ணு முன்னாடி நின்னுச்சு.

அதனாலதான் இன்னும் ஸ்வீட் எடுக்கல. எவ்வளவு பண உதவி குடுப்பாங்கன்னு சொல்ற லெட்டர் வரட்டும்னு இருக்கோம். ஒரு வருஷத்துக்கு எல்லாம் சேத்து 90 ஆயிரம் டாலரத் தாண்டுது, என் சம்பளத்துல அத நெனச்சுக்கூடப் பாக்க முடியாது. ஆனா யேல் வெளிநாட்டுப் பசங்களையும் குடும்பத்துல பணம் இருக்கா இல்லையான்னு பாக்காமதான் செலக்ட் பண்றாங்க, எடுத்துட்டா குடும்பத்தால முடியாத மீதிய அவங்களே கொடுக்குறாங்க, லோன் வாங்குன்னும் சொல்றதில்ல. ஹார்வர்ட், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மவுத், போடின், இப்ப பிரௌன், இவங்களும் அப்படித்தான். எங்களால எவ்வளவு முடியும்னு அவங்க போடுற கணக்கும் நாங்க போடுற கணக்கும் ஒத்துப்போகணும், அதுதான் இப்ப பயம். பண உதவி கேக்குறதுக்கான சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் ஃபார்ம்ல சம்பளம், கடன், பேங்க் பேலன்ஸ்னு ஒண்ணு விடாம உள்ளத உள்ளபடி போட்டிருக்கேன்.

உன் சின்னவன் அடுத்த வருஷம் அப்ளை பண்ணப் போறான்னு எழுதியிருந்த இல்ல, இத அவன்கிட்ட கண்டிப்பா சொல்லு. நாங்க ஆரம்பத்துல ஒரு கன்சல்டன்ட்கிட்ட போனோம், அவர் எய்ட், அதாவது பண உதவி, வேணுமான்னு கேக்குற எடத்துல வேண்டாம்னு போடுங்க, சான்ஸ் கூடும், உள்ள போயிட்டு கேட்டுக்கலாம்னார். பணத்தப் பாத்து எடுக்குற காலேஜ்ல முதல் பாதி உண்மைதான், ஆனா பல எடத்துல வெளிநாட்டுப் பசங்க அப்ளிகேஷன்லயே கேக்கலேன்னா அப்புறம் நாலு வருஷமும் கேக்க முடியாது. இவதான் ஒவ்வொரு காலேஜோட ரூலையும் உக்காந்து படிச்சு எங்களக் காப்பாத்தினா. அவனையும் படிக்கச் சொல்லு, யார் சொல்றதையும் அப்படியே நம்ப வேண்டாம். கட்டுரைய மட்டும் உன்கிட்ட காட்டட்டும், உன்ன விட நல்லா வெட்டுற ஆள் கெடையாது.

இவ இப்ப கதவச் சாத்திட்டு ஃபைனல் எக்ஸாமுக்குப் படிச்சுக்கிட்டு இருக்கா. மார்க் சரிஞ்சா வந்த சேதியே திரும்பிப் போயிடும்ங்கிற பயம் அவளுக்கு. நான் ராத்திரில அந்த மெயில எடுத்து எடுத்துப் படிக்கிறேன். பணம் சரியா வந்தா அதுக்கப்புறம் விசாவுக்காக காலேஜ் குடுக்குற ஐ-20 ஃபார்ம், அமெரிக்க அரசாங்கத்துக்குக் கட்டுற 350 டாலர் செவிஸ் ஃபீஸ், எஃப்-1 ஸ்டூடண்ட் விசா இன்டர்வியூன்னு பெரிய வரிசை நிக்குது, அதெல்லாம் பாத்துக்கலாம்.

மார்ச் கடைசில அட்மிஷன் முடிவோட பண விவரமும் வந்துடும்னு எதிர்பாக்குறோம். அங்க சாயங்காலம் விடுவாங்க, உனக்கு அப்ப எந்த நேரமா இருந்தாலும் நான் போன் பண்ணுவேன், சைலன்ட்ல போடாம வை. நீ லைன்ல இருக்கிறப்பதான் தொறக்கணும்னு பாப்பா சொல்லிட்டா.

உன் ரூம்மேட்