நிலத்தை விற்பதற்கு முன்னால்

மாப்ளே,

இங்கே எல்லாரும் சுகம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மருமகளுக்கு வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. தீபாவளிக்கு அப்புறம் ஒரு வரி போடவில்லை என்று திட்டுவாய், திட்டிக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். சோடாபுட்டி போன் பண்ணினான். ஆற்றங்கரை நிலத்துக்கு அட்வான்ஸ் வாங்கப்போகிறாயாம், உன் கதையை நீயே படமாக எடுக்கப்போகிறாயாம். கேட்டால், "பஞ்சு அருணாசலம் எழுதினார், தயாரித்தார், நான் செய்தால் என்ன?" என்கிறாயாம். அடப்பாவி! 'சகலகலா வல்லவன்' கதைக்காக மெஸ்ஸில் இட்லி ஆறுவதுகூடத் தெரியாமல் அவரைக் கிழித்தவன் நீதானே?

சரி, அவர் கதையையே பார்ப்போம். கண்ணதாசனுடைய அண்ணன் மகன், அவரிடமே உதவியாளராக இருந்து சொல்லச் சொல்லப் பாட்டு எழுதியவர். 1965-லேயே 'கலங்கரை விளக்க'த்தில் எம்.ஜி.ஆருக்கு 'பொன்னெழில் பூத்தது' எழுதிவிட்டார், அதைப் பலபேர் இன்னும் கண்ணதாசன் பாட்டு என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 'அன்னக்கிளி' வந்தது 1976-ல். நடுவில் எத்தனை வருஷம், நீயே கணக்குப் போடு. அதிலும் கதை என்னுடையதாகத்தான் இருக்கவேண்டும் என்று அடம்பிடிக்கவில்லை, ஆர். செல்வராஜ் கதைக்குத் திரைக்கதை எழுதினார். மேஜையில் தாளம் போட்டுப் பாடிக்காட்டிய ஒரு புதுப் பையனைப் பிடித்துப்போய், இளையராஜா என்று பெயரும் வைத்து இறக்கினார். அவர் துணிச்சல் அங்கே இருந்தது. உன்னைப்போல் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பவில்லை.

மறு வருஷமே 'புவனா ஒரு கேள்விக்குறி'. வில்லனாகவே வந்துகொண்டிருந்த ரஜினி நல்லவன், சிவகுமார் கெட்டவன். 1979-ல் 'ஆறிலிருந்து அறுபது வரை', சண்டை போடாத ரஜினி! அதில் அச்சகத்தில் வேலை பார்த்துத் தம்பி தங்கையைக் கரையேற்றுகிற சந்தானம் கடைசியில் எழுதியே பணக்காரனாவான். அதை நம்பித்தான் கிளம்பினாயோ என்று எனக்குச் சந்தேகம்.

இப்படி எழுதிக் கொடுத்து வந்த நம்பிக்கையில்தான் ரஜினி, கமல் கால்ஷீட் எல்லாம். 'குரு சிஷ்யன்', 'மைக்கேல் மதன காமராஜன்', 'வீரா' எல்லாம் அவர் வீட்டுத் தயாரிப்புதான். ஆனால் 'மைக்கேல்' வசனத்தைக் கிரேசி மோகன் எழுதினார் பார், தன் காசு என்பதற்காகத் தானே எழுதுவேன் என்று அவர் உட்காரவில்லை. நீயோ கதை, வசனம், பாட்டு, தயாரிப்பு எல்லாம் நானே என்கிறாயாம். விட்டால் டிக்கெட்டும் நீயே கிழிப்பாய்.

கிண்டல் போதும். உன் எழுத்து மேல் எனக்குச் சந்தேகமே கிடையாது, அது உனக்கும் தெரியும். பயமெல்லாம் அந்த நிலத்தின் மேல்தான், ஓய்வுக்கு அப்புறம் உனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். படம் எடுத்து முடித்துவிடலாம், தியேட்டர் யார் தருவார்கள்? முதலில் ஸ்கிரிப்டை எனக்கு அனுப்பு. படித்துவிட்டு யாரிடமாவது கொண்டுபோய்க் கொடுப்போம், அவர்கள் காசில் எடுக்கட்டும். அதுவரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே.

அப்புறம், தங்கச்சியிடம் சொல்லிவிட்டாயா இல்லையா? சோடாபுட்டியிடம் கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டான்.