செயலாளரின் ஆண்டறிக்கை: பணிகளும் கணினி அறையும்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கடந்த பொதுக்குழுவுக்குப் பின் செயற்குழு ஒன்பது முறை கூடியது. இரண்டு முறை போதிய ஆள் வராததால் கூட்டம் தள்ளிப்போனது. நூலக அறைக்கு வண்ணம் பூசப்பட்டது. விளையாட்டுப் போட்டிகளும் கண் பரிசோதனை முகாமும் வழக்கம்போல் நடந்தன.

இனி கணினி அறை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் வாங்கிய பொருள்கள் குறித்துச் செயற்குழுவில் கேள்வி எழுந்தது. அன்று முழுப் பதிலையும் கேட்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றதால், உறுப்பினர்கள் கழித்த மடிக்கணினிகளில் ஏழு நம்மிடம் வந்தன. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி எதிலும் இல்லை. ஆகவே இலவச இயங்குதளமான லினக்ஸ்தான் வழி. ஆனால் ஏழில் ஒன்றில்கூட டிவிடி டிரைவ் வேலை செய்யவில்லை. இரண்டில் டிரைவே கிடையாது. ‘டிஸ்க் போட வழியில்லை, எடைக்குப் போட்டுவிடலாம்’ என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்று ஆறு ஓடுகின்றன.

வெளியிலிருந்து இணைக்கும் டிவிடி டிரைவ் ஒன்று வாங்கியிருக்கலாமே, பென் டிரைவ் எதற்கு, அதுவும் இரண்டு எதற்கு என்று கேட்டார்கள். சாதாரண டிவிடி ஒன்றில் 4.7 ஜிபிதான் எழுத முடியும், உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் வகையின் நிறுவல் கோப்பு அதற்குள் அடங்காது. பென் டிரைவை எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்து எழுதலாம். ஒன்றில் வென்டாய் மென்பொருளை நிறுவி, தேவையான ஐஎஸ்ஓ கோப்புகளையெல்லாம் (நிறுவல் டிஸ்க்கின் முழு நகல்கள்) அதில் போட்டு வைத்திருக்கிறேன். கணினியைத் துவக்கினால் பட்டியல் வரும், வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். வென்டாயை ஏற்காத கணினிகளுக்கு நேரடியாக எழுதிய இரண்டாவது பென் டிரைவ் தேவைப்பட்டது. காரணம் இவ்வளவுதான்.

உதவிக்கு வந்த ஒரே இளைஞர் முதல் நாள் அந்த இரண்டாவது பென் டிரைவில் ஐஎஸ்ஓ கோப்பைச் சாதாரணக் கோப்புபோலப் பிரதி எடுத்துவிட்டு, கணினி துவங்கவில்லையே என்று காத்திருந்தார். வென்டாய் இல்லாத பென் டிரைவில் அப்படிச் செய்தால் துவங்காது. ரூஃபஸ் போன்ற மென்பொருளால் எழுதித் தர வேண்டும். அவரும் இரண்டு நாள்தான் வந்தார். வந்த அந்த இரண்டு நாளுக்கு அவருக்கு நன்றி.

நான்கு கணினிகள் ஒரே வாரத்தில் முடிந்தன. அவற்றுள் ஒன்று பென் டிரைவையே காட்டவில்லை. கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் பழையதாக இருந்தால், பென் டிரைவைச் செருகிய பிறகுதான் கணினியை இயக்க வேண்டும். அப்போதும் அது தனியாகத் தெரியாமல் ஹார்ட் டிஸ்க் வரிசைக்குள் இருக்கலாம். அங்கே போய் அதை மேலே ஏற்றினேன், துவங்கிவிட்டது. ஐந்தாவதில் நிறுவல் முடிந்தும் ஒரு இணையதளம்கூடத் திறக்கவில்லை. கணினியின் கடிகாரத்தை ஓட்டும் பயாஸ் பேட்டரி தீர்ந்து தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. தேதி பிசகினால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது என்றே கணினி கொள்ளும். கணக்கில் எழுதியுள்ள பட்டன் பேட்டரி இதற்கு வாங்கியதுதான்.

ஆறாவதுதான் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது. பழைய வகையான 32 பிட் செயலி. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 13ஆம் பதிப்பில் அதற்கான நிறுவி இல்லாததால் டெபியன் 12ஐப் போட வேண்டியிருந்தது. அதன் பயாஸோ யுஎஸ்பியிலிருந்து துவங்கவே துவங்காது. நெட்வொர்க் வழியாகத் துவக்கலாம். அதற்கு இன்னொரு கணினியைச் சர்வராக அமைத்துப் பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும். யாரும் இல்லை. கடைசியில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு மடிக்கணினியில் பொருத்தி, அதன் பயாஸை லெகசி என்ற பழைய துவக்க முறைக்கு மாற்றி, அங்கேயே நிறுவி, திரும்பக் கொண்டுவந்து மாட்டினேன். லெகசிக்கு மாற்றாமல் யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் நிறுவியிருந்தால் பழைய பயாஸ் அதைத் துவக்கியிருக்காது. லினக்ஸ் ஒவ்வொரு முறை துவங்கும்போதும் வன்பொருளைத் தானே கண்டறிந்துகொள்வதால் இடம் மாறிய டிஸ்க் சிக்கலின்றி ஓடியது. திரையில் உள்நுழைவுப் பெட்டி வந்தபோது அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

ஏழாவதற்கு மதர்போர்டு போய்விட்டது. அதன் ராம் வேறொன்றில் பொருந்தியது.

கணினி தந்தவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். டிஸ்க்கை அழிக்கும் முன் நான்கு கணினிகளில் குடும்பப் படங்கள் இருப்பதைக் கண்டு தனியே பிரதி எடுத்து வைத்தேன். மூன்று முறை தகவல் அனுப்பியும் ஒருவர்தான் வந்து வாங்கிக்கொண்டார். குழந்தைகளின் படங்கள் அவை. அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

சந்தா விஷயம் இவ்வாண்டும் மனநிறைவாக இல்லை. பாதிக்கு மேற்பட்டவர்கள் கட்டவில்லை. நினைவூட்டினால் அடுத்த மாதம் என்கிறார்கள். கணினி அறையை நாள்தோறும் பயன்படுத்தும் வீட்டுப் பிள்ளைகளின் பெற்றோரும் அதில் உண்டு. செலவு வரவுக்குள் அடங்கியது. கணினி அறைக்கானது அதில் சிறு பகுதிதான். ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன, யாரும் பார்க்கலாம்.

ஒத்துழைத்த தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், அறையைத் திறந்து மூடும் பணியாளர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் நானே இப்பொறுப்பில் இருப்பேனா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். யார் வந்தாலும் தடுமாறக் கூடாது என்பதற்காக, துவக்கும்போது எந்தக் கணினிக்கு எஃப்2 விசை, எதற்கு எஃப்12, எதில் என்ன நிறுவியிருக்கிறது என்பதை ஒரு நோட்டில் எழுதி, பென் டிரைவ்களோடு அலமாரியில் வைத்திருக்கிறேன். சென்ற வாரம் மேலும் மூன்று மடிக்கணினிகள் வந்தன, இன்னும் திறக்கவில்லை. ஞாயிறு காலைகளில் அறையில் இருப்பேன். இரண்டு பேர் வந்தால் போதும், முதல் கணினியை நான் செய்து காட்டுகிறேன், மற்ற இரண்டை அவர்கள் செய்யட்டும்.

செயலாளர்