வாஷிங்டன் தெரு திருஷ்டிப் பொட்டு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணக் கட்டுரையைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. இண்டியானா மாநிலத்தில் நாங்கள் வசிக்கும் கொலம்பஸ் ஊரைப் பற்றி எழுதிய உங்கள் கட்டுரையாளர், ‘நவீனக் கட்டடங்களுக்குப் பேர்போன இந்த ஊருக்கு வாஷிங்டன் தெருவின் பழைய செங்கல் கடைகள் ஒரு திருஷ்டிப் பொட்டு, இடித்துக் கட்டினால் ஊர் எடுப்பாக இருக்கும்’ என்கிறார். எப்படி ஐயா இதை அச்சேற்றினீர்கள்?

கட்டடக் கலை மேதை ஈரோ சாரினென் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1954-இல் அவர் கட்டிய இர்வின் யூனியன் வங்கி இதே வாஷிங்டன் தெருவில்தான் இருக்கிறது. அக்கம்பக்கத்துக் கடைகளை அமுக்காமல், ஒரே தளத்தில், கண்ணாடிச் சுவரோடு கட்டினார். அறுபதுகளில் வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் ஜிரார்டை அழைத்தபோது அவரும் கடைகளை இடிக்கச் சொல்லவில்லை. அவற்றின் முகப்புகளுக்கு ஏற்ற வர்ணங்களைத் தேர்ந்து கொடுத்தார். அந்த மேதைகளுக்கு உறுத்தாத செங்கல் இவருக்கு உறுத்துகிறது.

இடித்தும் பார்த்தாயிற்று. எழுபதுகளின் தொடக்கத்தில் பழைய கட்டடங்கள் பலவற்றை அப்புறப்படுத்திவிட்டு, கட்டடக் கலைஞர் சீசர் பெல்லியின் வடிவமைப்பில் ‘காமன்ஸ்’ என்ற பொதுக்கூடமும் அதை ஒட்டி ஒரு மாலும் எழுந்தன. 1973-இல் திறப்பு. பெரிய பேர் வந்தது. பிறகு மாலில் கடைகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, அதையும் இடித்து, 2011-இல் புதிய காமன்ஸ் கட்டினார்கள். பழைய செங்கல் கடைகளோ இன்றும் வியாபாரம் செய்துகொண்டிருக்கின்றன.

பேரனின் குளிர்காலக் கோட்டு ஜிப் பிய்ந்தபோது, நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய கடையில் ‘தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள்’ என்றார்கள். ஊருக்குள் ஒரு பழைய கட்டடத்து மாடியில் தைக்கும் அம்மாள், பல்லில் நூலைக் கடித்தபடியே அதைப் பிரித்து, என்னை உட்கார வைத்து மாற்றிக் கொடுத்தார். ‘பையன் வளர்வான்’ என்று கைமடிப்பில் அரை அங்குலத் துணி விட்டும் தைத்திருந்தார். இப்படிப்பட்டவர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகைக்கு இடம் கிடைப்பது பழைய கட்டடத்தில்தான். கடை வைத்துப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவள் நான். வாடகை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

கட்டுரையாளர் ‘ஒரு ஐஸ்கிரீம் கடை’ என்று போகிற போக்கில் எழுதிய கடைக்கு ஜஹராகோஸ் என்று பெயர். கிரேக்கத்திலிருந்து வந்த சகோதரர்கள் 1900-இல் தொடங்கியது. அங்குள்ள ஓனிக்ஸ் கல் சோடா இயந்திரங்கள் 1904-இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்கு வந்தவை. கடை 2006-இல் மூடியது. அதன் பழைய இசைப்பெட்டியும் கலிஃபோர்னியாவுக்கு விலைபோனது. ஊர்க்காரர் ஒருவர் கடையை வாங்கிப் புதுப்பித்து, அந்த இசைப்பெட்டியையும் திரும்ப வரவழைத்து, 2009-இல் திறந்தார். ஒரு கடைக்காக இவ்வளவு செய்த ஊரைப் பற்றி எழுதும்போது, அந்தக் கடையின் பெயரைக் கேட்க ஒரு நிமிடம் இல்லையா?

இது முதல் தடவையும் அல்ல. முன்பொரு சமயம் எங்கள் ஊர் என்று ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸின் வானுயர்ந்த கட்டடங்களின் படத்தைப் போட்டீர்கள். சுட்டிக்காட்டி எழுதினேன், என் கடிதம் இரண்டு வரியாகச் சுருங்கி, திருத்தமே இல்லாமல் வந்தது. அமெரிக்கா என்றாலே நியூயார்க்கும் நயாகராவும்தான் உங்கள் பக்கங்களில். கம்மின்ஸ் என்ஜின் கம்பெனி வேலைக்காக இந்தச் சிறிய ஊருக்கு வந்து, இங்கேயே பிள்ளைகளை வளர்த்த தமிழ்க் குடும்பங்கள் உங்கள் சந்தாதாரர்கள் இல்லையா?

இங்கே ‘தி ரிபப்ளிக்’ நாளிதழுக்கு 1971-இல் கட்டிய கண்ணாடிக் கட்டடத்தில், அச்சு இயந்திரம் ஓடுவதைத் தெருவில் போகிறவர்கள் பார்க்கலாம் என்று வைத்திருந்தார்கள். 2012-இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. நாளிதழ் இடம் மாறிவிட்டது. இப்போது அங்கே கட்டடக் கலை மாணவர்கள் படிக்கிறார்கள். பத்திரிகைக்காரரான உங்களுக்காவது இது எழுதத் தக்கதாகத் தோன்றியிருக்க வேண்டும். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. அடுத்த இதழில் ஜஹராகோஸ் என்ற பெயரையும், நாங்கள் இருப்பது ஒஹாயோ அல்ல, இண்டியானா என்பதையும் வெளியிடுங்கள். இந்தக் கடிதத்தையாவது வெட்டாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கொலம்பஸ், இண்டியானா