மழைநாள் கொழுந்தும் உடல் எடையும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில் உடல் எடையைக் குறைப்பது பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். அதில் சொல்லப்பட்டவை தவறல்ல. ஆனால், 'அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து திறந்தவெளியில் நடக்க வேண்டும்', 'ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை இரு கைகளிலும் தூக்கிப் பயிற்சி செய்யலாம்' என்ற இரண்டு யோசனைகளைப் பார்த்ததும், எழுதியவர் சமவெளியில் இருப்பவர் என்பது புரிந்துவிட்டது. எங்கள் நீலகிரி மாவட்டத்தில் அந்தப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கே தடை. ஐந்து மணிக்குத் தேயிலைத் தோட்டத்து வழியில் இறங்கினால், பனிமூட்டத்துக்குள் காட்டெருமை நிற்பது பத்தடி தூரத்துக்குப் போன பிறகுதான் தெரியும். கரடி நடமாட்டமும் உண்டு. மலையில் வாழ்கிறவர்கள் எடை குறைக்க வேண்டுமானால் மலைக்கு ஏற்ற வழி வேண்டும் என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் குன்னூரை அடுத்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் கொழுந்து எடை போட்டுச் சீட்டு எழுதும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஊரார் கொழுந்தையெல்லாம் எடை போட்ட நான் என் எடையைப் பார்த்துக்கொள்ளவில்லை. இங்கே ஆண்டில் பெரும்பகுதி ஸ்வெட்டருக்குள்ளேயே கழிவதால் தொப்பை விழுந்தது வீட்டாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் உறவினர் திருமணத்துக்காகக் கோயம்புத்தூருக்கு இறங்கி, மேட்டுப்பாளையத்திலேயே ஸ்வெட்டரைக் கழற்றியபோது, சட்டையின் நடுப் பொத்தான்கள் இரண்டும் இழுத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து என் தங்கை, "என்னண்ணா, கொழுந்து மூட்டையை உள்ளே வைத்துக் கட்டியிருக்கிறீர்களா?" என்று கேட்டாள். ஊர் திரும்பியதும் எடை பார்த்தேன். 165 சென்டிமீட்டர் உயரத்துக்கு 84 கிலோ; இடுப்புச் சுற்றளவு 104 சென்டிமீட்டர். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண் 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன் என்பதே இந்தியர்களுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவு. எனக்கு அது ஏறத்தாழ 31. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதையும் அன்றைக்குத்தான் அறிந்தேன். பதினான்கு மாதங்களில் 73 கிலோவுக்கும், 93 சென்டிமீட்டருக்கும் வந்திருக்கிறேன். இன்னும் கரை சேரவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை.

முதலில் ஒரு ஏமாற்று பற்றிச் சொல்ல வேண்டும். கொழுந்து எடை போடுகிறவர்களுக்குத் தெரியும், மழைநாளில் வருகிற மூட்டையின் எடை உண்மையான எடை அல்ல. இலை மீது நிற்கும் நீரும் சேர்ந்தே தராசில் ஏறுகிறது. ஆகவே ஈரத்துக்கென்று ஒரு பங்கைக் கழித்துத்தான் சீட்டில் எழுதுவோம். அதற்காக விவசாயிகளிடம் நான் வாங்கிய ஏச்சுகள் கொஞ்சமல்ல. உடம்பும் அப்படித்தான். நம் கல்லீரலிலும் தசைகளிலும் கிளைகோஜன் என்ற வடிவில் சில நூறு கிராம் சர்க்கரை சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. திடீரென்று பட்டினி கிடந்தாலோ, சோற்றை முழுவதும் நிறுத்தினாலோ முதலில் கரைவது இந்தச் சேமிப்புதான். அதோடு தண்ணீரும் வெளியேறுவதால் முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறைந்துவிட்டதாக முள் காட்டுகிறது. கொழுப்போ பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மீண்டும் சாப்பிடத் தொடங்கியதும் அந்த இரண்டு கிலோவும் வந்து சேர்ந்துவிடும்.

இந்த ஈரக் கணக்கு புரியாமல்தான் என் துணைவியார், தெரிந்தவர் ஒருவரின் பேச்சை நம்பி, இரண்டு வேளை உணவுக்குப் பதிலாகக் கரைத்துக் குடிக்கும் பொடியை டப்பா டப்பாவாக வாங்கினார். ஆறு வாரங்களில் ஐந்து கிலோ குறைந்தது. தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. பொடியை நிறுத்திய ஏழாவது மாதத்தில் பழைய எடைக்கு மேல் இரண்டு கிலோ கூடியது. பொடி விற்றவரிடம் கேட்டபோது, இடையில் நிறுத்தியது எங்கள் தவறு என்றார். ஆயுள் முழுவதும் குடிக்க முடியாத ஒன்றை எதற்காகத் தொடங்க வேண்டும் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. 'ஒரே மாதத்தில் பத்து கிலோ' என்ற விளம்பரங்களைப் பத்திரிகைகள் ஏற்கும் முன் கொஞ்சம் யோசிக்கலாம் என்பது என் பணிவான கருத்து.

ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. பத்து கிலோ கொழுப்பை முப்பது நாளில் கரைக்க வேண்டுமானால் நாள் ஒன்றுக்கு 2,500 கலோரிக்கு மேல் பற்றாக்குறை ஏற்பட வேண்டும். என்னைப் போன்ற ஓய்வு பெற்றவன் நாள் முழுவதும் எரிப்பதே அவ்வளவு இராது. வாரத்துக்கு அரைக் கிலோ என்பதே நடைமுறைக்கு ஒத்த வேகம். எனக்கு அதைவிடவும் மெதுவாகத்தான் இறங்கியது.

இனி எங்கள் மலையின் முதல் குற்றவாளியைச் சொல்கிறேன். அது சோறு அல்ல, தேநீர். தேயிலை ஊரில் தேநீரைக் குறை சொல்வது துரோகம் போலத் தோன்றலாம். குறை இலையில் இல்லை, சர்க்கரையில் இருக்கிறது. நான் நாளுக்கு ஆறு கோப்பை குடித்தவன். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. ஒரு தேக்கரண்டி ஐந்து கிராம், கிராமுக்கு நான்கு கலோரி என்று வைத்தால் சர்க்கரையில் மட்டும் 240 கலோரி. மாதக் கணக்கில் பார்த்தால், ஏட்டளவில், ஏறத்தாழ ஒரு கிலோ கொழுப்புக்குச் சமம். இதோடு மாலை நேரக் குளிருக்கு இதமாக இரண்டு வர்க்கி. எங்கள் ஊர் வர்க்கியின் அருமை எனக்கும் தெரியும்; அடுப்பிலிருந்து வந்ததும் விரல் பட்டாலே உதிரும் அந்த அடுக்குகளை உண்டாக்குவது மைதாவும் கொழுப்பும்தான் என்பதும் தெரியும். நான் சர்க்கரையை ஒரே நாளில் விடவில்லை. இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி, மூன்று வாரம் கழித்து ஒன்றாக்கி, பிறகு அரையாக்கினேன். கோப்பையும் ஆறிலிருந்து மூன்றாயிற்று. இப்போது டீக்கடையில் வழக்கமான தேநீரைக் குடித்தால் பாயசம் குடித்தது போலிருக்கிறது. வர்க்கி ஞாயிறு அன்று மட்டும், அதுவும் ஒன்று. சர்க்கரைக்குப் பதில் தேனையோ நாட்டுச்சர்க்கரையையோ சேர்த்துக்கொள்கிறவர்கள் பெயரைத்தான் மாற்றுகிறார்கள். கலோரி பெரிதாக மாறுவதில்லை.

சாப்பாட்டைப் பொறுத்தவரை நாங்கள் கொடுத்து வைத்தவர்கள். முட்டைக்கோஸ், பீன்ஸ், முள்ளங்கி, நூல்கோல் எல்லாம் விளைகிற இடத்திலேயே கிடைக்கின்றன. அவற்றில் எதை எடுத்தாலும் 100 கிராமில் 40 கலோரியைத் தாண்டாது. சமைத்த சோற்றிலோ அதே அளவில் ஏறத்தாழ 130 கலோரி. இவ்வளவு காய்கறியையும் விளைவித்து லாரி லாரியாக மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பிவிட்டு, நாங்கள் தட்டு நிறையச் சோறும் ஓரத்தில் ஒரு கரண்டி பொரியலும் வைத்துச் சாப்பிடுகிறோம். நான் செய்தது இதைத் தலைகீழாக்கியது மட்டுமே. முதலில் தட்டில் பாதியைக் காய்கறிக்கு ஒதுக்குகிறேன்; கால் பங்கு பருப்பு, அவரை, முட்டை, மீன் இவற்றில் ஏதேனும் ஒன்று; மிச்சக் கால் பங்கில்தான் சோறு. உருளைக்கிழங்கைக் காய்கறியாகக் கருதாமல் சோற்றின் பங்கில் சேர்த்துவிடுகிறேன். உருளைக்கிழங்குப் பொரியலைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது சோற்றுக்குச் சோற்றைத் தொட்டுக்கொள்வதுதான். சாமைக்கு மாறினால் எடை தானாகக் குறையும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அரிசியும் சாமையும் எடைக்கு எடை ஏறத்தாழ ஒரே கலோரி தருபவைதாம். சாமையில் நார்ச்சத்து உண்டு, பசி தாங்கும், அதனால் நல்லது. ஆனால் இரண்டு தட்டுச் சாப்பிட்டால் இரண்டு தட்டுக் கணக்குத்தான். எண்ணெய்க்கும் ஓர் அளவு வேண்டும். கிராமுக்கு ஒன்பது கலோரி என்பதால், பாட்டிலைச் சாய்த்து ஊற்றுகிற கையைக் கரண்டிக்கு மாற்றினோம்.

அடுத்தது நடை. "மலையில் இருக்கிறீர்கள், தினமும் ஏறி இறங்குகிறீர்கள், உங்களுக்கென்ன" என்று சமவெளி உறவினர்கள் சொல்வது இருபது ஆண்டுகளுக்கு முன் உண்மை. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவில் நாள் முழுவதும் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இன்றைக்கும் உண்மை. மற்றவர்கள் இருநூறு அடி ஏற்றத்துக்கும் ஆட்டோவுக்குக் கை காட்டுகிறோம். கவனித்துப் பார்த்தேன்: இங்கே எல்லோரும் இறங்கும்போது நடக்கிறோம், ஏறும்போது வண்டியில் வருகிறோம். இதைவிடப் பெரிய தவறு இல்லை. ஏறும்போதுதான் இதயமும் நுரையீரலும் உழைக்கின்றன, சக்தி செலவாகிறது; செங்குத்தாக இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் உடம்பின் பாரம் முட்டியில் இறங்குகிறது. நான் மாற்றிவிட்டேன். மார்க்கெட்டுக்கு மினி பஸ்ஸில் இறங்குகிறேன். காய்கறிப் பையுடன் நடந்து ஏறுகிறேன். தொடக்கத்தில் நான்கு இடத்தில் நின்றேன், இப்போது ஓர் இடத்தில்கூட நிற்பதில்லை. ஏறும்போது பக்கத்தில் வருகிறவரிடம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் என்றால் கணக்கு முடிந்தது. நேரமும் முக்கியம்: வெயில் ஏறிய பின் எட்டு மணிக்கு மேல், அல்லது மாலை ஐந்துக்குள் வீடு திரும்பும்படி. பத்தாயிரம் அடி நடந்தே தீர வேண்டும் என்று யாரும் கலங்க வேண்டியதில்லை. அந்த எண் 1965-இல் ஜப்பானில் ஓர் அடிக்கணிப்பான் கருவியை விற்க வைக்கப்பட்ட பெயரிலிருந்து பரவியது.

நடந்தால் மட்டும் எடை குறைந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. சமதரையில் அரை மணி நேர நடைக்கு என் எடைக்கு 150 கலோரி செலவானால் அதிகம். திரும்பும் வழியில் ஒரு தேநீரும் ஒரு வர்க்கியும் அதை ஈடுகட்டிவிடும். எடையை இறக்குவதில் பெரும்பங்கு தட்டுக்கு. இறக்கியதை ஏறாமல் காப்பதிலும் சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கட்டுக்குள் வைப்பதிலும் நடைக்குப் பங்கு அதிகம் என்பதே நான் கண்டது.

ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர்ப் பக்கம் பெய்கிற மழையில் வெளியே தலை காட்ட முடியாது. அந்த நாட்களுக்கு வீட்டுக்குள்ளேயே வழி உண்டு. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது பத்து முறை, சுவரில் கை ஊன்றி உடம்பைத் தள்ளுவது பத்து முறை, இரண்டு கிலோ அரிசிப் பையைத் தோளுக்கு மேல் தூக்குவது பத்து முறை; சற்று இளைப்பாறி, இதே சுற்றை மீண்டும் இரண்டு தடவை. வாரத்தில் இரண்டு நாளாவது இத்தகைய தசைப் பயிற்சி அவசியம். வயதாக ஆகத் தசை கரைகிறது. உணவைக் குறைக்கும்போது இன்னும் விரைவாகக் கரைகிறது. பொடி குடித்து என் துணைவியார் இழந்ததில் கணிசமான பங்கு தசையாகவே இருந்திருக்கும் என்று பின்னர் மருத்துவர் சொன்னார். இப்போது அவரும் என்னோடு சேர்ந்து நாற்காலியில் எழுந்து உட்காருகிறார். எட்டு மாதத்தில் நான்கு கிலோ குறைந்திருக்கிறது.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. மருந்தின் அளவை மாற்றாவிட்டால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். ஏறும்போது நெஞ்சு அடைத்தால் அன்றைக்கே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். காரணமின்றி எடை கூடுகிறவர்கள் தைராய்டு பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. எடையை வாரத்துக்கு ஒரு முறை, ஒரே கிழமையில், காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். தினமும் பார்த்தால் ஈரம்தான் தெரியும்.

தமிழக அரசு 2023-இல் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்தது நல்ல முயற்சியே. மலையில் எங்களுக்குத் தேவை புதிய பாதை அல்ல. மேல் குடியிருப்புகளையும் கீழே உள்ள பஸ் நிறுத்தங்களையும் இணைக்கிற பழைய கல் படிக்கட்டுகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. எங்கள் பகுதிப் படிக்கட்டில் ஆட்கள் நடப்பது நின்றதால் உண்ணிச்செடி மண்டிவிட்டது. செடி மண்டியதால் நடப்பவர்களும் நின்றுவிட்டார்கள். சென்ற மாதம் நானும் அண்டை வீட்டார் மூவரும் அரிவாள் எடுத்து நாற்பது படிகளைச் சுத்தம் செய்தோம். மீதமுள்ள படிகளுக்குச் செடி வெட்டவும், வளைவில் ஒரு கைப்பிடிக் கம்பியும் ஒரு விளக்கும் வைக்கவும் பொறுப்பில் உள்ளவர்கள் முன்வர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற தேயிலைத் தொழிற்சாலை எழுத்தர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.