அஞ்சு வயர் மாட்டியிருக்க, மூணு பாக்கி

கண்ணு,

பார்சல் வந்துருச்சு. எதுவும் உடையல, நல்லாத்தான் பேக் பண்ணியிருக்க. ஒரு துண்டு சீட்டாவது இருக்கும்னு பபிள் ரேப்பை எல்லாம் பிரிச்சு பாத்தேன், அம்மாவும் பாத்தா. சரி, வேலை அதிகமா இருந்திருக்கும்.

ஏன் எல்லாத்தையும் அனுப்பி வச்சன்னு நான் கேக்கல. துளை போடுற பின் வைஸ், ட்வீசர், க்ரோம் மாதிரி ஒட்டுற ஃபாயில் ஷீட், அந்த பாதி முடிஞ்ச குடா மாடல் கார் எல்லாம் நம்ம மஞ்ச டேபிள்லதான் இருக்கு. கத்தியில பழைய பிளேடே கிடந்துச்சு, மாத்திட்டேன். எத்தன தடவ சொல்லியிருக்கேன், மழுங்கின பிளேடால ஃபாயில் வெட்டினா கிழியும், இல்ல பெயின்ட்ல கோடு விழும்னு. ஆனா விண்ட்ஷீல்டு ஓரத்துல நீ ஒட்டியிருக்கிறத பாத்தேன், ஒரு சுருக்கம் இல்ல, நிஜ க்ரோம் மாதிரியே இருக்கு. என் கைக்கு அது வராது கண்ணு, உண்மையா சொல்றேன்.

நேத்து ராத்திரி லென்ஸ் வச்சு இன்ஜினை பாத்தேன். 426 ஹெமி, பொறிய எட்டு சிலிண்டருக்கும் பிரிச்சுக் கொடுக்கிற டிஸ்ட்ரிப்யூட்டர்ல இருந்து பிளக் வயர் இழுக்க ஆரம்பிச்சிருக்க. கிட்டுல வயரே கிடையாது, எல்லாம் நீயா துளை போட்டு பண்ணினது. 1-8-4-3-6-5-7-2, சிலிண்டர் ஒவ்வொண்ணா வெடிக்கிற அந்த ஃபயரிங் ஆர்டர் மாறாம 6 வரைக்கும் வந்து நிறுத்தியிருக்க. 0.3 மில்லிமீட்டர் வயர், வால்வ் கவர் நடுவுல இருக்கிற துளைக்குள்ள சரியா இறங்கியிருக்கு. ஹூட் மூடினா ஒருத்தரும் பாக்கப்போறதில்ல, அப்பவும் ஆர்டர் மாத்தாம போட்டிருக்க பாரு, அத நெனச்சு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். அப்புறம் 5க்கு முன்னாடி என்ன ஆச்சு உனக்குன்னு தோணுச்சு, தூக்கம் வரல.

நேரத்துக்கு சாப்பிடு. ஸ்ப்ரே அடிக்கும்போது மாஸ்க் போடு, ஜன்னல திற.

ஷேக்கர் ஸ்கூப், அதான் ஹூட்டுக்கு வெளிய நீட்டிகிட்டு காத்து இழுக்குமே, அது ஹூட் துளையில கொஞ்சம் இடிக்குது. ஸ்கூப் உக்காந்திருக்கிறது இன்ஜின் மேலதானே, அதனால ஸ்கூப்பை ராவாத, இன்ஜின் மவுன்ட்டை பாரு, அரை மில்லிமீட்டர் தூக்கலா ஒட்டியிருக்கும். நிஜ வண்டியிலயும் அப்படித்தான், இன்ஜின் ஆடினா ஸ்கூப்பும் சேந்து ஆடும். 1970ல ஹெமி போட்ட குடா ஹார்ட்டாப் 652தான் வந்துச்சுன்னு நீ பத்து வயசுல வீட்டுக்கு வந்தவங்க கிட்டயெல்லாம் சொல்லுவ, அத்தை கூட மனப்பாடம் பண்ணிட்டா. இப்ப மூணு மாசமா அத்தை போன் பண்ணாலும் எடுக்கிறதில்லயாம். அவ வருத்தப்படுறா, நான் ஒண்ணும் சொல்லல.

கலர் இன்-வயலட் எடுத்திருக்க, அதே கலரத்தான் டாட்ஜ்காரங்க பிளம் க்ரேசின்னு வித்தாங்க. நல்லா இருக்கு. அதுக்கு முன்னாடி பண்ணின சேலஞ்சர் பச்சை, ஜிடிஓ நீலம். நீ சிவப்பே எடுக்கிறதில்ல. அது ஏன்னு எனக்குத் தெரியும், இத்தன வருஷம் தெரியாத மாதிரி இருந்துட்டேன்.

அந்த 69 சார்ஜர். ஏழாவது படிக்கும்போது நீயே தனியா அடிச்ச சிவப்பு, மெல்லிசா மூணு கோட். காலைல பாத்தா ஹூட்டும் ரூஃபும் ஏரி வண்டல் காஞ்சு வெடிச்ச மாதிரி இருந்துச்சு. காயறதுக்கு முன்னாடி கை வச்சிருப்ப, உனக்கு எதுலயும் அவசரம்னு நான் சொன்னேன். நீ கை வைக்கல கண்ணு. ராத்திரி நீ தூங்கினப்புறம் நான்தான் அது மேல கலரில்லாத லாக்கர் கிளியர் அடிச்சேன், இன்னும் பளபளன்னு வரட்டும்னு. நீ அடிச்சது எனாமல், அது உள்ள வரைக்கும் காயவே நாளாகும், அதுக்கு மேல லாக்கர் போனா கீழ இருக்கிறத கரைச்சு சுருட்டிடும். அது எனக்கு அன்னைக்கே தெரியும், தெரிஞ்சும் கேன்ல என்ன எழுதியிருக்குன்னு பாக்காம அடிச்சேன். நீ அழுதுகிட்டே சாரிப்பா சாரிப்பான்னு சொன்ன, நான் வாயத் திறக்கல. அம்மாவுக்கு கூட இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அதுக்கப்புறம் எது கெட்டுப் போனாலும் முதல்ல என் தப்புதான்னு சொல்ற பொண்ணா ஆயிட்ட. ஸ்கூல்லயும் அப்படித்தான், போன வேலையிலயும் அப்படித்தான். இப்ப அங்க என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது, நீ சொல்லவும் வேணாம். ஆனா அந்த சார்ஜர் என் தப்பு. அத எழுதணும்னுதான் மூணு நாளா பேப்பர் எடுத்து எடுத்து வச்சுகிட்டு இருந்தேன்.

சார்ஜர் பாடிய நான் தூக்கிப் போடல. போன வாரம் பிரேக் ஃப்ளூயிட்ல ஊற வச்சு பழைய பிரஷ்ஷால தேச்சேன், பெயின்ட் எல்லாம் வந்துருச்சு, சோப்புத் தண்ணியில கழுவி காய வச்சிருக்கேன். ப்ரைமர் கூட அடிக்கல. கலர் நீ சொல்லு.

குடாவை நான் தொட மாட்டேன். 5, 7, 2 மூணுக்கும் வயர் வெட்டி டப்பாவுல போட்டு வச்சிருக்கேன். நேரத்துக்கு சாப்பிடு கண்ணு. நான் பன்னெண்டு மணி வரைக்கும் முழிச்சுகிட்டுத்தான் இருக்கேன், போன் பக்கத்துலயே இருக்கும்.

அப்பா