பம்ப்பா ஊசியான்னு கேட்டியே

கண்ணு, நேத்து போன்ல நீ அழுதுகிட்டே, உன் பையனோட சர்க்கரை நோய்க்கு இன்சுலினை எப்படிக் குடுக்கறது, "பம்ப்பா ஊசியா, நீயே சொல்லிடும்மா"ன்னு கேட்டப்போ எனக்கு வாயே வரல, போனை வச்சதுக்கப்புறம் தூக்கமும் வரல, அதான் உக்காந்து டைப் பண்ணிட்டிருக்கேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காத.

உன் தம்பிக்கு இதே டைப் 1, அதான் உடம்பு இன்சுலினே சுரக்காத சர்க்கரை நோய், வந்தப்போ அவனுக்கு அஞ்சு வயசு, உனக்கு ஒம்பது. ஊசி நேரம் ஆச்சுன்னா கட்டிலுக்கு அடியில போய் படுத்துக்குவான், நீதான் காலைப் பிடிச்சு இழுத்துட்டு வருவ. நீண்ட நேரம் வேலை செய்ற இன்சுலின் ஒண்ணு, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் சீக்கிரம் வேலை செய்றது ஒண்ணு, ஆக ஒரு நாளைக்கு நாலு குத்து, சுகர் ஏறிடுச்சுன்னா அஞ்சு. பம்ப்னா இடுப்புல மாட்டற குட்டி மிஷின், தோலுக்குள்ள சொருகின ட்யூப் வழியா இன்சுலினை விட்டுகிட்டே இருக்கும், ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா அந்த ட்யூப் செட்டை மாத்தறப்போ ஒரே குத்து. குத்தற கணக்கு மட்டும் பாத்தா பம்ப் ஜெயிச்சிடும், ஆனா விஷயம் அங்க இல்லடி.

உன் பையனுக்கு மூணு வயசு. இன்சுலினே துளியூண்டுதான் வேணும். இன்சுலின் ஊசி போடற அரை யூனிட் பேனால அரை அரையாத்தான் ஏத்த முடியும், அவன் உடம்புக்கு அந்த அரை யூனிட்டே பெரிய விஷயம். பம்ப்ல 0.05 யூனிட் கூட குடுக்கலாம், சிலதுல அதுக்கும் கம்மியா. அப்புறம் இந்த வயசு சாப்பாடு இருக்கே, முழுத் தட்டுக்கும் கணக்கு போட்டு ஊசி போட்டுட்டு உக்காந்தா நாலு வாய் தின்னுட்டு வாயை மூடிக்குவான், ஏத்தின மருந்தைத் திரும்ப உறிஞ்ச முடியுமா சொல்லு. தம்பி அப்படிப் பண்ணப்போ நான் குளுக்கோஸ் டப்பாவை கையில வச்சுகிட்டு அவன் பின்னாடியே ஓடியிருக்கேன். பம்ப்னா சாப்பிடறதுக்கு முன்னாடி கொஞ்சம், சாப்பிட்டு முடிச்சப்புறம் மிச்சம்னு ஒரு பட்டன்ல குடுக்கலாம், புதுசா குத்த வேண்டியதில்ல. அதனால என்னைக் கேட்டா, இவ்ளோ சின்னப் பிள்ளைக்கு பம்ப் பக்கம்தான் என் மனசு சாயுது.

ஆனா ஒரு ராத்திரி நடந்ததை உன்கிட்ட முழுசா சொன்னதில்ல, நீ பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்த. தம்பிக்கு பம்ப் போட்டு ரெண்டாவது மாசம். தூங்கப் போறப்போ சுகர் 140, ராத்திரி ரெண்டு மணிக்குப் பாத்தா 380. பம்ப்ல ஒரு அலாரமும் இல்ல, எல்லாம் சரியா ஓடற மாதிரிதான் காட்டுது, நானும் மக்கு மாதிரி பம்ப்லயே இன்னொரு டோஸ் குடுத்துட்டு உக்காந்தேன். ஒரு மணி நேரம் கழிச்சும் இறங்கல. அவன் சட்டையைத் தூக்கறப்போதான் அந்த வாடை வந்துச்சு, ஆஸ்பத்திரி வாடை, அதான் இன்சுலின் வாடை. தோலுக்குள்ள போற குட்டி ட்யூப் மடங்கி மருந்து பூரா வெளிய கசிஞ்சு பனியன் ஈரமா இருந்துச்சு. கீட்டோனும் வந்துடுச்சு, அதான் இன்சுலின் இல்லாம உடம்பு கொழுப்பை எரிக்கறப்போ ரத்தத்துல சேர்ற அமிலம். பம்ப்ல ஓடறது சீக்கிரம் வேலை செய்ற இன்சுலின் மட்டும்தான், உடம்புல நீண்ட நேர மருந்து எதுவும் கையிருப்பு இருக்காது, நின்னுபோச்சுன்னா சில மணி நேரத்துலயே நிலைமை மோசமாயிடும். பேனால ஊசி போட்டு, செட்டை மாத்தி, விடிய விடிய தண்ணி குடுத்து, ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி கேட்டுகிட்டே சமாளிச்சோம். அன்னைலருந்து எனக்கு ஒரே சட்டம்: காரணம் தெரியாம 250-க்கு மேல ஏறுச்சா, கீட்டோன் பாரு, பேனால போடு, அப்புறம் மிஷினை நோண்டு.

அதனால பம்ப் வாங்கினாலும் பேனாவைத் தூக்கி உள்ள வச்சிடாத. நீயும் மாப்ளையும் ஊசிலயே இன்னும் கொஞ்ச மாசம் ஓட்டி, சாப்பாட்டுல எவ்ளோ மாவுச்சத்துன்னு கணக்கு கைக்கு வந்தப்புறம் பம்ப்புக்குப் போனா நல்லதுன்னு எனக்குத் தோணுது, டாக்டர் சீக்கிரமே போடலாம்னா அவங்க சொல்றபடி செய். தோல்ல ஒட்டி சுகரை அளந்துகிட்டே இருக்கற சென்சாரோட சேந்து தானே இன்சுலினைக் கூட்டிக் குறைச்சுக்கற பம்ப் இருக்குல்ல, அது அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா சுகரைப் பாத்து சரிபண்ணிக்குதாம், நீ கொஞ்சமாவது தூங்கலாம். ஆனா சாப்பாட்டுக் கணக்கை அப்பவும் நீதான் சொல்லணும். அவன் வயசுக்கும் எடைக்கும் எது போடலாம், ஒட்டற பிளாஸ்திரி அவன் தோலுக்கு ஒத்துக்குமா, பள்ளிக்கூடம் போறப்போ யாரு பாத்துக்குவாங்க, இதெல்லாம் எழுதி வச்சு கேளு.

சென்சார் மட்டும் எப்படியாவது போட்டுடு, பம்ப்போ ஊசியோ, அது இருந்தாதான் ராத்திரி சுகர் எங்க போகுதுன்னு தெரியும்.

இன்னொண்ணு. தம்பி 17 வயசுல "இடுப்புல தொங்கறது வேணாம்"னு பம்ப்பை கழட்டி குடுத்துட்டு மறுபடி பேனாவுக்கே போனான், நான் ரெண்டு நாள் பேசல. மூணு வருஷம் கழிச்சு அவனே திரும்பப் போட்டுகிட்டான். ஏதோ ஆயுசுக்கும் கையெழுத்து போடற மாதிரி நீ பயப்படறது எனக்கு இதை நெனச்சாதான் சிரிப்பா வருது.

அடுத்த மாசம் நான் வரேன், ராத்திரி டூட்டி வாரத்துல மூணு நாள் எனக்கு. அதுக்குள்ள அவனோட பேனாவையும் ஊசி டப்பாவையும் போட்டோ எடுத்து அனுப்பு, 4 எம்எம் ஊசிதானே? என் கண்ணாடி பவர் மாறிடுச்சு, அந்த அரை யூனிட் கோடு தெரியுதான்னு பாத்துக்கணும்.

அம்மா